மாமி பிடித்துவைத்த தண்ணீர்

“அந்தப் பிளக்கக் கழட்டாதீங்க!”

ஸிராஜ் கத்திவிட்டான். ஹோலில் பாய் விரித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மின்விசிறியோடு சுவரோரம் குந்தியிருந்த பக்கத்து வீட்டுக்காரர் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். பதினொரு வருடமாக அந்த வீட்டில் மருமகனாக இருக்கிறவன் அவன். அவன் குரல் இவ்வளவு உயரும் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

“மீன் தொட்டிக்குக் காத்துப் போற மெசின்ட பிளக் அது,” என்றான், தணிந்துபோய். “ஃபேனுக்கு நான் அறைக்குள்ள இருந்து வயர் இழுத்துத் தாறன்.”

மௌத்து வீட்டில், மாமியின் சாவுக்கு வந்த சனத்துக்குக் காற்று இல்லாதபோது மீனுக்குக் காற்று கேட்கிறானே என்று நினைத்திருப்பார்கள். அவனுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் போய் அந்தப் பிளக்கை இன்னும் ஒருதரம் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வயர் எடுக்கப் போனான்.

அன்று விடிய, சுபஹு பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் நடந்தது மாமியின் மௌத்து. அவன் மனைவி அப்னா எழுந்து வந்தபோது, அவளுடைய உம்மா சபூறா மீன் தொட்டிக்கு முன்னாலிருந்த கதிரையில் சாய்ந்திருந்தார். தொழுகைக்கு வுழூச் செய்த ஈரம் முழங்கையில் இன்னும் காயவில்லை. தூங்குகிறார் என்று நினைத்து அப்னா தோளைத் தொட்டாள். தலை சரிந்தது. அவள் போட்ட சத்தத்தில் ஸிராஜ் சாறனை இறுக்கிக்கொண்டு ஓடி வந்தான். மூன்று வருடமாக நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து குடித்து வந்த மனுசி. அடுத்த தெரு டொக்டர் வந்து நாடி பார்த்தார். மாமியின் கண்களை மூடிவிட்டு, தலையை மட்டும் ஆட்டினார்.

மாமியைக் கட்டிலில் கிடத்தியபிறகு, தொட்டியின் மேலே எரிந்துகொண்டிருந்த விளக்கை அணைக்க ஸிராஜ் ஹோலுக்கு வந்தான். அப்போதுதான் கண்டான். கவிழ்த்து வைத்த மண் பானையில் மூன்று நாளாக ஒட்டிக்கிடந்து வாலடித்த குஞ்சுகளில் ஒன்றுகூடப் பானையில் இல்லை. சாப்பாட்டுத் தட்டைப் போல வட்டமான தாய், தகப்பன் மீன்கள் இரண்டின் விலாவிலும் தூசி படிந்ததுபோல அத்தனையும் அப்பிக்கிடந்தன.

டிஸ்கஸ் மீன் அப்படித்தான். நீந்தத் தொடங்கிய குஞ்சு நேரே தாய் தகப்பனின் உடம்புக்குத்தான் போகும். அந்த நாட்களில் அவற்றின் தோலில் ஊறுகிற வழுவழுப்புத்தான் குஞ்சுக்குச் சாப்பாடு. வேறெதையும் அதற்குத் தின்னத் தெரியாது. தாய்க்குக் களைத்தால் உடம்பை ஒரு வெட்டு வெட்டிக் குஞ்சுகளைத் தகப்பனிடம் விட்டுவிட்டு விலகும். தகப்பனுக்குக் களைத்தால் திரும்பத் தாய். ஆனால் வெருண்டுவிட்டால் இரண்டுமாகச் சேர்ந்து தாம் பொரித்த குஞ்சுகளைத் தின்றுவிடும்.

நாலு வருடத்தில் ஆறு தடவை முட்டை இட்டு, ஆறு தடவையும் வெறும் பானைதான் மிஞ்சியது. இது ஏழாவது. விளக்கைப் போட்டது மாமிதான். வேறு ஆர் போடுவது? போட்டு, பார்த்துவிட்டுத்தான் சாய்ந்தாரா, பார்க்க முன்னமே சாய்ந்துவிட்டாரா? ஸிராஜ் விளக்கை அணைக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

எட்டு மணிக்கு ஷரிபுதீன் சேர் வந்தார். மாமியின் மூத்த சகோதரர். பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். சாய்ந்தமருது ஊரில் பாதிப்பேர் அவரிடம் அடி வாங்கிப் படித்தவர்கள். தங்கச்சியின் முகத்தைப் பார்த்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு சற்று இருந்தார். பிறகு எழுந்து வந்து வேலைகளைப் பிரித்துக் கொடுத்தார். கபுறு வெட்ட ஆள், பள்ளியில் அறிவிக்க ஆள், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். ஸிராஜின் பிள்ளைகள் இரண்டையும் மருதமுனைக்கு அவன் உம்மா வீட்டுக்கு அனுப்பும்படி சொன்னார். கடைசியாக ஹோலைச் சுற்றிப் பார்த்தார்.

“தம்பி, மையித்த இஞ்சதான் வைக்கணும். சனம் வந்து இருக்க எடம் காணாது. அந்தத் தொட்டிய வெளியில எடுங்க.”

“சேர், குஞ்சு நிக்கி,” என்றான் ஸிராஜ்.

“என்ன?”

“குஞ்சு பொரிச்சிரிக்கி. இண்டைக்குத்தான் நீந்துது. அசைச்சா ஒண்டும் மிஞ்சாது.”

ஷரிபுதீன் சேர் கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது. “என்ட தங்கச்சி உள்ள மையித்தாக் கிடக்கா. நீங்க மீன் குஞ்சு கதைக்கிறீங்களா தம்பி?”

வீடு மாமியின் வீடு. அப்னாவுக்குச் சீதனமாக எழுதியது. அங்கே வந்து இருக்கிறவன் அவன். தண்ணீர் இறைக்கிற குழாயை எடுத்துவந்து ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டான். மற்ற முனையை வாயில் வைத்து உறிஞ்சக் குனிந்தபோது, அறைக்குள்ளிருந்து அப்னா வந்தாள். அழுது முகமெல்லாம் வீங்கியிருந்தது.

“என்ன செய்யிறீங்க?”

“எடுக்கச் சொல்லுறாங்க.”

அப்னாவுக்கு அந்த மீன்களைக் கண்ணில் காட்டக் கூடாது. ஹோல் முழுக்க நாற்றம், கரண்ட் தின்கிற சனியன்கள், விருந்தாட்கள் வந்தால் இருக்க இடமில்லை என்று நாலு வருடமாகச் சொல்லி வருகிறவள். அவள் வந்து குழாயை அவன் கையிலிருந்து வாங்கினாள். அதைச் சுருட்டியபடியே ஷரிபுதீன் சேரிடம் சொன்னாள்.

“மாமா, உம்மா மூணு நாளா இந்தக் கதிரைய விட்டு ஒழும்பல்ல. சோறும் இதுலதான். உம்மாவ இந்தப் பக்கமே வைங்க. தொட்டி இரிக்கட்டும்.”

“சனம் என்ன கதைக்கும் புள்ள?”

“கதைக்கட்டும்.”

அவர் மருமகளைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கதிரைகள் வந்தாயிற்றா என்று பார்க்க வெளியே போனார்.

ஸிராஜ் அலுமாரியிலிருந்து ஒரு தடித்த கைத்தறி விரிப்பை எடுத்துவந்து தொட்டியின் முன்பக்கமும் இரண்டு பக்கமும் தொங்கவிட்டான். ஆள் நடமாட்டம் தெரியாவிட்டால் மீன் வெருளாது. அந்த அளவுக்குத்தான் அவனால் செய்ய முடிந்தது. பிறகு வெளியே போய் ஆண்களோடு தகரப் பந்தலின் கீழ் இருந்தான்.

மருதமுனையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன் அவன். கல்முனை பசாரில் ஃபிரிட்ஜ் திருத்துகிற சின்னக் கடை. கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமி அவனோடு நேரே கதைத்ததில்லை. அது கோபமல்ல, மரியாதை. அவன் ஹோலுக்கு வந்தால் அவர் முக்காட்டைக் கன்னம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார். மருமகனுக்குப் பிடித்த மீன் எது, உறைப்பு எவ்வளவு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து வைப்பது அப்னாதான்.

கொழும்பிலிருந்து ஐந்து டிஸ்கஸ் குஞ்சுகளை பொலித்தீன் பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தபோதும் மாமி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மீனுக்கு மாட்டு இருதயத்தை அரைத்துப் போட வேண்டும். அவன் அதை வாங்கிவந்து குசினி கிரைண்டரில் அரைத்தான். அன்றைக்குத்தான் முதல் செய்தி வந்தது.

“கிரைண்டர்ல மாசிக் கருவாடு அரைச்சாலும் இனி இறைச்சி மணக்குமாம். உம்மா சொல்லுறா,” என்றாள் அப்னா.

சரி, இனி வெளியில் கொடுத்து அரைக்கலாம் என்று அவன் நினைத்தான். அடுத்த வாரம் இறைச்சியை வாங்கிவந்து வைத்துவிட்டுக் கடைக்குப் போய் வந்து பார்த்தால், கொழுப்பு, நரம்பு எல்லாம் நீக்கி, அவன் செய்வதை விட மிருதுவாக அரைத்து, தட்டையாகப் பரப்பி, ஃபிரீஸரில் அடுக்கிக் கிடந்தது. யார் செய்தது என்று அவன் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

பிறகு மெல்ல மெல்லச் செய்திகள் கூடின. “அப்னா, மருமகனுக்குச் சொல்லு, அந்த நீலம் இண்டைக்குத் திங்கல்ல.” “அப்னா, மருமகனுக்குச் சொல்லு, தண்ணி கொஞ்சம் குளிர்ந்து போய்ரிக்கி.” குசினியிலிருந்து குரல் வரும். ஹோலில் இருக்கிற அவனுக்கு நன்றாகவே கேட்கும். இருந்தாலும் அப்னா வந்து சொல்லும்வரை காத்திருப்பான்.

“என்ன நடுவுல நிப்பாட்டிக்கிட்டு ரெண்டு பேரும் மீன் கதைக்கிறீங்க,” என்று அவள் சினப்பாள்.

ஒருநாள் அப்னா பிள்ளைகளோடு டொக்டரிடம் போயிருந்தாள். வீட்டில் மாமியும் அவனும் மட்டும். குசினியிலிருந்து குரல் வந்தது. “அப்னா, மருமகனுக்குச் சொல்லு, அது ரெண்டும் பானையத் துப்புரவாக்குதுகள். முட்டை இடப் போகுதுகள் போல.”

அப்னா இல்லை என்று இருவருக்கும் தெரியும். ஸிராஜ் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னான். “அப்னா, மாமிக்குச் சொல்லு, நானும் கண்டனான்.”

குசினியில் கரண்டி ஒன்று விழுந்தது. மாமி சிரித்திருப்பார் என்றுதான் அவன் நினைத்தான்.

ஐந்தில் மிஞ்சியது அந்தச் சோடிதான். அதன் முட்டைகள் ஒவ்வொரு முறையும் வெள்ளையாகிப் பஞ்சு பூத்துக் கெட்டன. ஸிராஜ் மருந்து விட்டுப் பார்த்தான், சூட்டைக் கூட்டிப் பார்த்தான். ஆறாவது தடவையோடு அவனுக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. ஆனால் போன மாரி தொடங்கியதும் ஒருநாள் கடையிலிருந்து வந்தபோது, கூரைப் பீலியின் கீழ் வீட்டிலிருந்த வாளி, சட்டி, பேசின் எல்லாம் வரிசையாக இருந்தன. பின்வளவில் நீலப் பீப்பா நிறைய மழைத்தண்ணீர். மேலே துணி கட்டி மூடியிருந்தது.

“மழைக்குள்ள இட்ட முட்டை கொஞ்சம் பிந்தித்தான் வெளுத்ததாம்,” என்றாள் அப்னா. “உம்மாக்கு நெனவிரிக்காம். தண்ணிட குத்தம்தானாம். இந்தத் தண்ணிய விட்டுப் பார்க்கட்டாம்.”

விட்டுப் பார்த்தான். அந்தத் தண்ணீரில் இட்ட முட்டைகள்தான் பொரித்தன.

பந்தலின் கீழ் இருந்தவனுக்குப் பத்தரைக்கு வீட்டின் பின்பக்கம் சலசலப்புக் கேட்டது. அப்னா பந்தலின் ஓரத்துக்கு வந்து அவனைக் கையசைத்துக் கூப்பிட்டாள். மையித்தைக் குளிப்பாட்ட மறைப்புக் கட்டி, கிடத்த வாங்கு போட்டாயிற்று. குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வருகிறது. கிணறு உவர். மாமியின் தங்கை ஹாஜறா, குளிப்பாட்ட முன்னுக்கு நிற்கிறவர், நீலப் பீப்பாவின் பக்கத்தில் வாளியோடு நின்றார்.

“மருமகன், இது மழைத்தண்ணியாமே. எடுக்கலாமா? இல்லாட்டி வேற வீட்டுல இருந்து கொண்டுவரச் சொல்லணும். சுணங்கும்.”

ஸிராஜ் பீப்பாவைப் பார்த்தான். தினமும் தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு மாற்ற வேண்டும். மாரி முடிந்துவிட்டது. இனி எப்போது மழை வருமோ.

“எடுங்க சின்ன மாமி,” என்றான். “அவங்க புடிச்சுவெச்ச தண்ணிதான்.”

துணியை அவனே அவிழ்த்துவிட்டுத் திரும்பிப் பந்தலுக்கு வந்தான். வாளி வாளியாக மொள்ளுகிற சத்தம் அங்கேயும் கேட்டது.

குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தி ஹோலில் வைத்தபின் ஆண்களில் உரியவர்களை முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். அவனும் போனான். கதவடியில் நின்று பார்த்தவன், பழக்கத்தில் கண்ணைத் தாழ்த்திவிட்டான். வெள்ளைத் துணியும், அதற்கு அப்பால் விரிப்பின் கீழ்ப்பக்கத்து ஓரமும்தான் பார்த்ததாக நினைவு. யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி விம்மி, சத்தம் போட்டு அழத் தொடங்கினாள். ஹாஜறா அவளுடைய முதுகைத் தடவினார்.

“மெதுவா மகள். சத்தம் போடப்படாது. மையித்துக்கும் நல்லதில்ல.” கொஞ்சம் நிறுத்தி, விரிப்புத் தொங்கிய பக்கம் பார்த்து, “பொறகால குஞ்சும் நிக்கி,” என்றார்.

அஸர் தொழுகைக்குப் பின் ஜனாஸாத் தொழுகை நடந்தது. மையித்தை வைத்த சந்தூக்கைத் தோள் மாற்றி மாற்றிக் கடற்கரைப் பக்கத்து மையவாடிக்குக் கொண்டுபோனார்கள். மணல் நிலம். கபுறின் இரண்டு பக்கமும் பலகை வைத்து மணல் சரியாமல் நிறுத்தியிருந்தார்கள்.

பெண்ணின் மையித்து. மகன் உள்ளே இறங்க வேண்டும். மாமியின் மகன் ஷிப்லி டோஹாவில், ஒரு கட்டடக் கம்பனியில் வேலை. டிக்கட் கிடைத்தாலும் நாளைக்குத்தான். காலையிலிருந்து தொலைபேசியில் அழுதுகொண்டிருக்கிறான். ஷரிபுதீன் சேர் குனிந்து கபுறின் ஆழத்தைப் பார்த்தார். அவருடைய முழங்கால் அதற்கு இடம் கொடாது. அவருடைய இரண்டு மகன்மார் இறங்கிவிட்டார்கள். தலைமாட்டில் ஓர் ஆள் வேண்டும்.

“தம்பி ஸிராஜ்,” என்றார். “நீங்க தலமாட்டுக்கு இறங்குங்க.”

ஸிராஜ் தயங்கினான்.

“இறங்குங்க. மகன் இல்லாத எடத்துல நீங்கதானே மகன்.”

அவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினான். உள்ளே மணல் குளிர்ந்திருந்தது. மேலே நாலு பேர் போர்வையை விரித்துப் பிடித்து மறைத்தார்கள். வெளிச்சம் துணியினூடாகத்தான் வந்தது. மாமியின் தலையும் தோளும் அவன் கைக்குள் வந்தன. பதினொரு வருடத்தில் ஒரு தண்ணீர்க் கோப்பையைக்கூட அவர் அவன் கையில் நேரே தந்ததில்லை. கை கூசியது. பிறகு கூச்சம் போய், பாரம் மட்டும் இருந்தது. நினைத்ததை விடப் பாரம். பிஸ்மில்லாஹ் சொல்லி மெதுவாக இறக்கி வைத்தார்கள்.

“முடிச்ச அவிழ்த்து, கன்னத்த மண்ணுல படவைங்க,” என்று மேலிருந்து பள்ளி மோதினார் சொல்லிக்கொடுத்தார்.

தலைமாட்டு முடிச்சு நனைந்து இறுகியிருந்தது. நகத்தால் நெம்பி அவிழ்த்தான். துணியை விலக்கி, முகத்தைக் கிப்லாப் பக்கம் திருப்பி, வலது கன்னத்தை மணலில் பொருத்தினான். இப்போது கண்ணைத் தாழ்த்த இடமில்லை. இமையின் மேல் ஒரு மணல் ஒட்டியிருந்தது. அதை ஒற்றை விரலால் எடுத்தான்.

“சரியா தம்பி?”

“ஓம்,” என்றான். இன்னும் கொஞ்ச நேரம் தலையைப் பிடித்தபடி அப்படியே குந்தியிருந்தான். மேலே நின்றவர்களில் யாரும் அவசரப்படுத்தவில்லை.

பலகைகளைச் சாய்த்து வைத்து, மேலே ஏறுவதற்குக் கை நீட்டியபோது அவனைத் தூக்கிவிட்டது ஷரிபுதீன் சேர்தான்.

வீட்டுக்கு வந்தபோது சனம் குறைந்திருந்தது. கால் கழுவிக்கொண்டு நேரே பின்வளவுக்குப் போனான். பீப்பாவின் வாயைத் திரும்பத் துணியால் மூடி, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்துப் பார்த்தான். அடியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் இருந்தது.

“ஹாஜறா சாச்சிதான் போதும் எண்டு நிப்பாட்டின,” என்று அப்னா பின்னால் வந்து சொன்னாள். “மிச்சத்த பக்கத்து வீட்டுல இருந்து மூணு வாளி எடுத்த. உம்மாட தண்ணியில ஒரு வாளி வெச்சு, கடைசிக்கு அத ஊத்தின.”

இருவருமாக இரண்டு வாளி மொண்டார்கள். ஹோலுக்கு வந்து அப்னா விரிப்பின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினாள். உள்ளே தாய் மீன் கறுத்துப்போய் மூலையில் நின்றது. வெருண்டிருக்கிறது. குஞ்சுகள் அத்தனையும் தகப்பனின் மேல்தான். காலையில் இருந்ததில் பாதிகூட இல்லைப் போலிருந்தது. ஸிராஜ் பழைய தண்ணீரை இறைக்க, அப்னா புதிய தண்ணீரை ஒரு கோப்பையால் மொண்டு, தொட்டியின் உள்சுவரில் ஒழுகவிட்டு ஊற்றினாள். ஒரு குஞ்சைக்கூட அலைக்காமல் ஊற்றினாள். இது எப்படி இவளுக்குத் தெரியும் என்று அவன் நினைத்தான். நாலு வருடம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

மஃரிப் தொழுதுவிட்டு வந்து இருக்கும்போது ஷிப்லி வீடியோவில் வந்தான். அவன் தங்கியிருக்கிற அறை. இரண்டு தட்டுக் கட்டில்கள், சுவரில் தொங்குகிற உடுப்புகள். அழுது அழுது குரல் அடைத்திருந்தது. டிக்கட் நாளை மாலைக்கு என்றான். யார் யார் வந்தார்கள் என்று கேட்டான்.

“மச்சான், நீங்கதானாமே தலமாட்டுல இறங்கின. மாமா சொன்னாரு.”

“ஓம் மச்சான்.”

“உம்மாட முகம் எப்பிடி இருந்த?”

மற்றவர்கள் எல்லாரும் ஷிப்லிக்குச் சொல்லியிருப்பார்கள்: ஒளியாக இருந்தது, தூங்குவதுபோல இருந்தது என்று. ஸிராஜும் அதையே சொல்லலாம்.

“இடப்பக்கம், காதுக்குக் கீழ ஒரு மச்சம் இரிக்கி,” என்றான். “நான் இண்டைக்குத்தான் மச்சான் கண்ட.”

திரையில் ஷிப்லி அசையாமல் இருந்தான். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ஸிராஜ் பார்த்தான். அறவில்லை.

“பால் குடிக்கக்குள்ள நான் அதத்தான் புடிச்சிக்கிட்டு இருப்பனாம்,” என்றான் ஷிப்லி. “உம்மா சொல்லுவா. கைய எடுத்துவிட்டாக் கத்துவனாம்.”

மூக்கை உறிஞ்சினான். முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“அந்த மீன் என்ன மச்சான் ஆன? முந்தா நாள் உம்மா எனக்கு வொய்ஸ் போட்டிருந்தா. குஞ்சு வாலடிக்குதாம், பொறுத்துப் பாருங்க எண்டு. காட்டுங்களன்.”

ஸிராஜ் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, தொலைபேசியைக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்தான். கை அசையாமல் இருக்க மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். தாய் மீன் மூலையை விட்டுக் கொஞ்சம் முன்னே வந்திருந்தது. தகப்பன் அதற்குக் கிட்டப் போய், உடம்பை ஒரு வெட்டு வெட்டியது. நாலைந்து குஞ்சுகள் தண்ணீரில் தத்தளித்துப்போய்த் தாயின் பக்கம் ஒட்டின. இன்னும் நாலைந்து.

ஷிப்லி முகத்தைத் திரைக்கு மிகக் கிட்டக் கொண்டுவந்தான். அவனுக்குப் பின்னால் யாரோ ஒருவன் நாளைய வேலைக்குச் சட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தான். அவனும் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, ஷிப்லியின் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தான்.